அறுபது பேருக்கு வேலை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கராடியிலிருந்து வந்த இரண்டு கம்பெனி பஸ்கள், தேஹு ரோடு பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் அறுபது பேரை இறக்கிவிட்டன. அறுபது பேரும் மஞ்சள் டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி முதுகில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. டீ கொடுக்க வந்த ஜெபமணிக்கு மட்டும் டி-ஷர்ட் இல்லை. கம்பெனியின் பேன்ட்ரியில் ஒன்பது வருஷமாகக் காபி கலக்கினாலும் அவள் காண்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு எட்டு மணி நேரம் சேவை செய்தே ஆக வேண்டும் என்ற விதி கம்பெனி ஆட்களுக்குத்தான். லீவு நாளில் வந்து டீ ஊற்றுவது சேவையில் சேராதாம்.

அவள் மகள் கீர்த்தி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாவது படிக்கிறாள். படிக்கிறாள் என்பது பாதி உண்மை. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுகள் மூன்றும் போன மழைக்காலத்தில் இற்று விழுந்துவிட்டன. அன்றிலிருந்து கீர்த்தி காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். மாதத்தில் நாலு நாள் வீட்டோடு கிடந்தாள். போன வாரம் புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே ஸ்கூலுக்குப் போவ மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

"கம்பெனிக்காரங்க வந்து கதவு போடப் போறாவ, பாரு" என்று ஜெபமணிதான் தேற்றி இன்றைக்கு அழைத்து வந்திருந்தாள். சும்மா சொல்லவில்லை. சேவை நாள் வேலைகளைக் கவனிக்கும் தருண், கோயம்புத்தூர்ப் பையன், டிசம்பரில் அவளிடமே கேட்டிருந்தான், உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று. "மூணு கதவு, மூணு தாழ்ப்பா" என்று அவள் சொன்னதைப் போனில் எழுதியும் கொண்டான்.

இப்போது பஸ்களிலிருந்து பெயின்ட் டப்பாக்கள் இறங்கின. கதவு ஒன்றுகூட இறங்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் வேறொரு கம்பெனி வந்து சுவரில் வரைந்துவிட்டுப் போன பூமி உருண்டை புதுசாகவே இருந்தது. அதன்மேல் நீலத்தைப் பூசி, மறுபடியும் பூமி உருண்டை வரைய ஆரம்பித்தார்கள்.

"கதவு எங்க தம்பி?"

"கம்பெனிக் கமிட்டில ஒத்துக்கலைங்கக்கா" என்றான் தருண். "கதவு மாட்ட ரெண்டு பேர் போதும்னாங்க. அறுபது பேருக்கு எட்டு மணி நேரம் வேலை வேணுமில்லைங்களா? பெயின்ட்னா எல்லாரும் செய்யலாம்."

ஜெபமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்திருந்தது. டாய்லெட் வண்டி. உள்ளே குழாய், கண்ணாடி, சோப்பு, அருமையான தாழ்ப்பாள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை தங்கள் ஆட்களுக்கு ஆகாது என்று கமிட்டிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! இருநூறு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அது ஆகுமாக்கும். பிள்ளைகள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வண்டியின் படியில் ஒரு செக்யூரிட்டி வேறு. விருந்தாளிகளுக்குக் கை தட்டவென்று நிறுத்திவைத்திருந்த பிள்ளைகளோடு கீர்த்தியும் நாள் முழுக்க அந்த வண்டியைப் பார்த்தபடி நின்றாள். ஜெபமணி மகளைப் பார்த்தபடி டீ ஊற்றினாள்.

நாலரை மணிக்குச் சுவரின் முன்னால் எல்லாரும் கட்டை விரலைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டியும் போட்டோவுக்குப் போய்விட்டான். டாய்லெட் வண்டி முதலில் கிளம்பி கேட்டுக்கு வந்தது. ஜெபமணி டீ பிளாஸ்கைக் கீழே வைத்தாள். வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"ருக்கோ பையா!" என்று டிரைவரை இந்தியில் நிறுத்தச் சொன்னாள்.

டிரைவர் பிரேக் போட்டதும் கீர்த்தியை இழுத்து வந்து படியில் ஏற்றிவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. அதற்குள் படிக்குக் கீழே நாலு பெண்பிள்ளைகள் நின்றார்கள். பிறகு பத்து. பிறகு வரிசை மைதானத்தில் பாதி தூரம் போனது. பஸ் இரண்டும் பின்னால் ஹாரன் அடித்தன.

தருண் ஓடி வந்தான். "அக்கா, லேட் ஆகுதுங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். இந்தப் பிள்ளையெல்லாம் காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கி. சேவை செய்யத்தான வந்திய? அஞ்சு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. இதையும் சேத்து எழுதிக்கிடுங்க."

"உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருங்கக்கா."

"ஆவட்டும்."

கீர்த்தி வெளியே வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாயின் பக்கத்தில் நின்றாள். "திங்கக்கெழம இந்த வண்டி வருமாம்மா?"

"எங்கிட்ட ஏன் கேக்க? இந்தா நிக்காருல்லா, அவருட்ட கேளு."

கீர்த்தி நிமிர்ந்து தருணைப் பார்த்தாள். அவன் கை முழுக்க நீலப் பெயின்ட். அவன் பஸ் பக்கம் திரும்பினான். பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது.

"பதிலச் சொல்லிட்டு பஸ் ஏறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, ஜெபமணி கேட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.