நடுக்கம் பிடித்த மலை

இருதய வார்டில் அவளுக்கு 'ஊசி ராணி' என்று பேர். குத்துவதே தெரியாமல் ஊசி போடுகிற நர்ஸ். போன மாதம் ஒரு பெரியவருக்கு நரம்பு அகப்படாமல் மறுபடி மறுபடி குத்திவிட்டாள். அதிலிருந்து ஊசியை எடுத்தாலே கை நடுக்கம். மருந்து ஸ்டோருக்கு மாற்றிவிடும்படி நாளைக்கே கேட்டுவிடுவதென்று இருந்தாள். அது நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆன்லைனில் ஓவிய வகுப்பு. இவள் வரவில்லை என்றதும், நாத்தனார் தானே லேப்டாப்பைத் திறந்து வைத்து, துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

பென்சிலைத் தூக்காமல் ஒரே கோட்டில் மலைத்தொடர் வரையச் சொன்னார் ஓவிய ஆசிரியை. வார்டில் ஈசிஜி எடுக்கிற அண்ணன் முதலில் காட்டினார். அழகான சிகரங்கள் என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் வார்டு டாக்டரம்மா குறுக்கிட்டார்.

"அண்ணே, இந்த மலையை உடனே ஐசியூவுக்குத் தள்ளிட்டுப் போங்க."

அண்ணன் விடுவாரா? டாக்டரம்மாவின் மலை ரொம்பப் படபடக்கிறது, காப்பியைக் குறைக்கட்டும் என்றார். அப்புறம் ஒவ்வொருவர் மலைக்கும் வைத்தியம் நடந்தது. இவர்கள் கண்ணுக்கு எந்தக் கோடும் இருதயத் துடிப்பாகத்தான் தெரியும் என்று புரிந்ததும், ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ராணியின் மலை எங்கே என்று கேட்டார்கள். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கித் திரைக்கு நேரே நீட்டினாள். கோடு முழுக்கப் பொடிப்பொடியாய் நடுக்கம். சிரிப்பு நின்றது.

"கை நடுங்குது டாக்டர். நாளைக்கு ஸ்டோருக்கு மாத்தக் கேக்கப் போறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார்.

"அண்ணே, ஈசிஜி இப்படி வந்தா என்ன செய்வீங்க?"

"ஹார்ட்டுல பிரச்சினை இருக்காது டாக்டர். ஆளு குளிர்ல நடுங்குவாங்க, இல்ல பயந்திருப்பாங்க. போர்வையப் போத்தி, ரெண்டு வார்த்த பேசிட்டு, மறுபடி எடுப்பேன்."

"வேற வார்டுக்கு அனுப்ப மாட்டீங்களா?"

"அனுப்பினா நீங்க என்னையில்ல அனுப்பிடுவீங்க."

நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த போர்வையை அவள் தலையோடு போர்த்திவிட்டாள்.

"போத்தியாச்சு டாக்டர். பேசுறத நீங்க பேசுங்க. எங்க அண்ணி நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

பேசினார்கள். சொந்த மாமனாருக்கே ஈசிஜி வயர்களைக் கை மாற்றி மாட்டிவிட்டு, ஹார்ட் அட்டாக் என்று வீட்டையே அலற வைத்த கதையை அண்ணன் சொன்னார். முதல் ஆபரேஷனில் தான் மயங்கி விழ, நோயாளியை விட்டுவிட்டு எல்லாரும் தன்னைத் தூக்கியதை டாக்டரம்மா சொன்னார். போர்வைக்குள் குலுங்கிச் சிரித்துக்கொண்டே அவள் மறுபடி வரைந்தாள். கோடு அங்கங்கே நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் நிற்காமல் தாளின் ஓரம் வரைக்கும் போனது.

"நாளைக்கு வார்டுக்கே வர்றேன்," என்றாள். "முதல் ஊசிய நான் போடுறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க டாக்டர்."

"நிக்கிறதென்ன, எனக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டியிருக்கு. என் கையிலேயே ஆரம்பி."