சும்மா இராத இடக்கை

வேலையில் சுழல்வதால் பட்டறையில் அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். கண் மருத்துவமனைகளுக்குப் போகும் லேசர் கருவிகளில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. வலக்கை எதைச் செய்தாலும் இடக்கையும் தானாக அதையே செய்யும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கையை மேலங்கிப் பைக்குள் திணித்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

புதிய மாதிரிக் கருவி வந்ததும் வினை வந்தது. கண்ணாடியை இடக்கையால் அசையாமல் பிடித்து, வலக்கையால் திருகாணியை முடுக்க வேண்டும். வலது விரல்கள் திருகும்போதெல்லாம் இடது விரல்களும் முறுகின. கண்ணாடி இம்மி சாய்ந்தால் ஒளி இரு மடங்கு விலகும். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி தத்தித் தாவியது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வலக்கை தாளில் வட்டம் போட, வெறும் இடக்கை தரையில் அதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகப் போட்டது. அதைப் பார்த்தவள் அடுப்படியில் இருந்த கணவனிடம் ஓடி, மகளின் கையைப் பற்றிச் சொன்னாள்.

"தெரியும்," என்றான் அவன். "உனக்கும் அப்படித்தானே. பேச்செடுத்தா உனக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டேன்."

மறுநாள் மகளோடு நரம்பு மருத்துவரிடம் போனாள். ஒரு கைக்கு மூளை அனுப்பும் உத்தரவு வழியில் பிரிந்து இரண்டு கைக்கும் போகிறது, பிறவியிலேயே உள்ளது, உங்களிடமிருந்து வந்திருக்கலாம், அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அந்த டாக்டரம்மா.

"வளந்ததும் மறைச்சுக்கலாமா டாக்டர்?"

"எதுக்கு மறைக்கணும்?"

இத்தனை வருடம் மறைத்து வைத்ததை நினைக்க அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தோடே பட்டறைக்குப் போய், மேற்பார்வையாளர் முன் இரண்டு கையையும் நீட்டி, வலது விரல்களை மடக்கிக் காட்டினாள். இடது விரல்களும் கூடவே மடங்கின. "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு பிடி போட்டுக் குடுத்திருப்பேனேம்மா," என்றார். இரும்புப் பிடி ஒன்று கண்ணாடியைக் கவ்விக்கொண்டதும் புள்ளி நின்றது.

சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் பரவி, ஆள் ஆளாக வேடிக்கை பார்க்க வந்தார்கள். எழுதிக் காட்டச் சொன்னார்கள். இரண்டு பேருக்குக் காட்டினாள். மூன்றாவது ஆளிடம், இனிமேல் டிக்கெட் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் படபடப்பு அடங்கவில்லை.

மாலையில் மகளிடம் மெல்லக் கேட்டாள்: "ஸ்கூல்ல யாராச்சும் கேலி பண்றாங்களா?"

"பண்ணுவாங்க. உன்னையும் பண்றாங்களாம்மா?"

"இன்னிக்குப் பண்ணினாங்க," என்று சொல்லி, மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.