லிஃப்ட் வாசலில் இரண்டு மணி நேரம்

கண்காட்சிக் கூடத்தின் கடைசி ஸ்டாலில் கொசு நின்றுகொண்டிருந்தாள். பதினான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். கம்பெனி கோட்டு, கழுத்தில் அட்டை, காதோரம் நரை. கொசு என்பது நான் வைத்த பெயர். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் காதைச் சுற்றியே வருவாள், விடமாட்டாள். இருவரும் ஒரே நாளில் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். நான் இன்று அங்கேயே பேராசிரியை. அவள் பாதியில் விட்டுப் போனவள், இப்போது எனக்குக் கருவி விற்க நிற்கிறாள்.

கருவி ஒரு ஃப்ரிட்ஜ் அளவுதான் இருந்தது. லேசர் ஒளியால் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்து இழுத்து, அதன் மடிப்பு பிரிவதைத் திரையில் கோடாகக் காட்டும். இதே வேலையை நாங்கள் அறை முழுக்கக் கண்ணாடிகளை அடுக்கிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தோம். பக்கத்து லிஃப்ட் நகர்ந்தால் போதும், கோடு துள்ளிவிடும்.

கூட்டம் கலைந்ததும் எனக்காக ஒருமுறை ஓட்டிக் காட்டினாள். கோடு ஏறியது, பாதி சரிந்தது, ஒரு கணம் நின்றது, பிறகு மீதியும் சரிந்தது. நடுவில் அந்தச் சின்னப் படி.

அந்தப் படியை முதலில் பார்த்தவள் அவள்தான். புரதம் ஒரே மூச்சில் பிரியும், படியெல்லாம் கிடையாது, லிஃப்டின் ஆட்டம்தான் அது என்று எங்கள் சார் அடித்துச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நான்காம் மாடியில் நிற்கவைத்தாள். மூட வரும் லிஃப்ட் கதவைக் கையால் தடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். லிஃப்ட் இம்மியும் நகரவில்லை. படி ஒன்பது முறை வந்தது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் சார் என்னைக் கேட்டார், லிஃப்ட் நிஜமாகவே நின்றதா என்று. என் ஆய்வேடு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கை வலித்தது சார், அவ்வப்போது விட்டுவிட்டேன், லிஃப்ட் போய் வந்துகொண்டுதான் இருந்தது என்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வுக்கூடச் சாவியை சார் அவளுக்குத் தரவே இல்லை. ஆறு மாதத்தில் போய்விட்டாள். என் பொய் அவளுக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமும் ஒளிந்து திரிந்தேன்.

"பாத்தியாடி, வருது," என்றாள் கொசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலையாட்டினேன்.

"போன மாசம் இதப் பாத்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. பாவம், ரெண்டு மணி நேரம் கால் கடுக்க நின்ன. ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்திருந்தா நீ கைய விட்டிருக்க மாட்ட. அதுகூட எனக்குத் தோணல பாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நம்பி, தன் கண்ணையே பதினான்கு வருடம் நம்பாமல் இருந்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ விலை கேட்டு வந்தார்கள். ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவர்களிடம் திரும்பினாள்.

வெளியே லிஃப்டில் நாலு பேர் இருந்தார்கள். ஒரு காலை உள்ளே வைத்தேன். கதவு மூட வந்தது, கையை நீட்டினேன், திறந்துகொண்டது. மறுபடி வந்தது.

"வர்றீங்களா, இல்லையாம்மா?" என்றார் உள்ளேயிருந்த ஒருவர்.

நான் கையை எடுக்கவில்லை.