முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல்

ஏழாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. விமான நிலையத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவர் தராசு. பெட்டி அரைக் கிலோ கூடினாலும் விடமாட்டார். கெஞ்சினாலும் சரி, வாய்க்கு வந்தபடி திட்டினாலும் சரி, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு எடை காட்டும் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். திரை மனம் மாறாது, அவரும் மாறமாட்டார்.

இந்தக் கறாருக்குக் காரணம் இருந்தது. கவுண்டருக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் கீழே விமானங்கள் நிற்கும் தளத்தில் சுமை ஏற்றியவர் அவர். விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டிபோட்டபடிதான் ஒவ்வொரு பெட்டியையும் இழுத்து அடுக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருந்த எந்த மகராசனோ முப்பத்தெட்டுக் கிலோ பெட்டியைப் 'போகட்டும்' என்று அனுப்பிய ஒரு நாளில், இவருடைய முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. ஒரு பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ என்ற வரம்பு காசு கட்டினால் தளர்கிற வரம்பு அல்ல. கீழே ஒருவன் முட்டிபோட்டு நிற்கிறான், அவனுக்காகப் போட்டது.

ஏழாம் எண் கவுண்டர் படையாட்களுக்கானது. உத்தரவின் பேரில் பயணம் செய்கிறவர்களுக்கு இரண்டு உருப்படிகள் கட்டணமில்லாமல் போகும். விடுப்பில் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சாகப் போனால் இலவசம், வீட்டுக்குப் போனால் கட்டணம். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ தெரியவில்லை. தராசின் ஒரே மகனும் படையில் இருந்தவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டி தீப்பிடித்துச் செத்துப்போனான். சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு, வேறு கவுண்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேலே இருந்தவர்கள் நல்ல மனசோடு சொல்லிப் பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். சீருடையில் வருகிறவர்களை ஒருதரம் ஏறிட்டுப் பார்க்கவாவது கிடைக்கிறதே என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இல்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு வந்த சிப்பாய் நாற்பதை நெருங்குகிறவர். தோளில் ஒரு மெலிந்த சாக்குப்பை தொங்கியது. தள்ளுவண்டியில் கரும்பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி இருந்தது. அதன் கொக்கியில் கம்பி சுற்றி, ஈயத்தில் முத்திரை வைத்திருந்தார்கள். தராசுக்கு அந்த மாதிரிப் பெட்டியைத் தெரியும். அவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

உத்தரவுத் தாளை வாங்கி முத்திரையையும் தேதியையும் சரிபார்த்தார். பிறகு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இதுல இருக்கிறதெல்லாம் உங்க சொந்தப் பொருள்தானா?"

"பை என்னோடது. பெட்டி இல்ல சார். எங்க பிரிவுப் பையன் ஒருத்தன் செத்துப்போயிட்டான். அவனோட சாமான். நாளைக்குக் காலையில அடக்கம். அதுக்கு முன்னாடி அவங்க அம்மா கையில ஒப்படைக்கணும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். உண்மையைப் பேசியதால் விதி வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. உத்தரவில் பயணம் செய்கிறவரின் சொந்தப் பொருளுக்குத்தான் சலுகை. அடுத்தவர் பொருளுக்குக் கட்டணம் உண்டு. செத்தவனும் அடுத்தவன்தான்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தராசு. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டுப் பக்கத்து கவுண்டர் பெண் திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல பெட்டியை மேல வைங்க."

திரை முப்பத்தேழு என்று காட்டியது.

தராசு கையைக் கட்டிக்கொண்டார். "அஞ்சு கிலோ கூட இருக்கு. தொறந்து கொஞ்சத்தை எடுத்து உங்க பைக்கு மாத்திடுங்க. பைல எடம் இருக்கே."

"தொறக்க முடியாது சார். முத்திரையை வீட்டு ஆளுங்கதான் ஒடைக்கணும். அந்த அம்மாதான் ஒடைச்சுக் கையெழுத்து போடணும். அதான் வழக்கம்."

"கார்கோல போடுங்க."

"கேட்டேன். மூணு நாள் ஆகுமாம்." சிப்பாய் குரலைத் தாழ்த்தினார். "சவப்பெட்டி நேத்தே போயிடுச்சு. அதைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அந்த அம்மா ஃபோன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அவன் துணிமணியாவது வருமான்னு. வரும்னு சொல்லிட்டேன். நான் வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது, சொல்லுங்க."

அந்தப் பெட்டி போய்ச் சேராவிட்டால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று தராசுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பத்தேழு கிலோவைக் கீழே அனுப்பவும் மனம் வரவில்லை. இப்போது கீழே சுமை ஏற்றும் முறையில் இருப்பவன் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவன் என்பதும் அவருக்குத் தெரியும். கவுண்டர் மூட இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

"இங்க பாருங்க தம்பி. கம்பியை நான் வெட்டறேன். எடை கூடினதால விமான நிலையத்துல தொறந்ததுன்னு படிவம் இருக்கு. அதுல நான் கையெழுத்து போடறேன். திட்டறதா இருந்தா அந்த அம்மா என்னைத் திட்டட்டும். பெட்டி போய்ச் சேரணும்ல?"

சிப்பாய் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மறுக்கிற முகம்தான். ஆனால் அதில் மறுப்பைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தராசு அதை அப்போது கவனிக்கவில்லை. கடைசியில், "வேற யாரும் பார்க்காத எடமா இருக்கணும்" என்றார் சிப்பாய்.

வரிசையைப் பக்கத்து கவுண்டர் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுத் தராசு பெட்டியைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அறுந்த பெல்ட்டுகளும் கைப்பிடி போன பெட்டிகளும் குவிந்து கிடக்கும் சின்ன அறை. நடுவில் ஒரு தகர மேசை, மூலையில் ஒரு பழைய எடை மேடை. குறடால் கம்பியைத் துண்டித்து மூடியைத் தூக்கினார்.

மேலாக ஒரு தாள் கிடந்தது. 'தனிப்பட்ட உடைமைகள், ஒரு பெட்டி' என்று மொட்டையாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் கீழே சட்டைகள். தராசு முதல் சட்டையை எடுத்து விரித்தார். காலரின் உள்பக்கத்தில், பின்கழுத்து படுகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது.

அவர் அந்தச் சதுரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

அவருடைய மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்தில் லேபிள் பட்டால் ஆகாது. பள்ளிக்கூடச் சட்டை வாங்கிய அன்றே அவன் அம்மா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பெட்டியைத் திறந்தபோது நான்கு சட்டைகள் இருந்தன. நான்கிலும் காலருக்குள் இதே வெட்டு. "பாத்தீங்களா, படைக்குப் போயும் இவன் திருந்தல" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். சாவுச் செய்தி வந்து ஒன்பது நாளைக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் சிரிப்பு அது. சவப்பெட்டிக்குள் இருப்பது தன் பிள்ளைதானா என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவள், அந்த வெட்டைப் பார்த்த பிறகுதான் அடங்கினாள். அதில் ஒரு சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். தினமும் ஒருதரம் பிரித்து முகர்ந்துவிட்டு மூடிவைப்பாள்.

இந்தப் பையனும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அடுத்த சட்டையை விரித்தார். அதிலும் வெட்டு. மூன்றாவதிலும் வெட்டு. மொத்தம் பதினொரு சட்டைகள், பதினொன்றிலும் அதே இடத்தில் சதுர வெட்டு. சிலது ஒல்லியான பையனுக்குத் தைத்தவை. சிலதில் அந்த மாதிரி இரண்டு பேர் நுழையலாம்.

"இது என்ன தம்பி?"

சிப்பாய் ஒரு சட்டையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

"கேக்கறேன்ல. இது ஒருத்தன் துணியா?"

"இல்ல சார்" என்றார் சிப்பாய். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியாதவர் போலச் சொல்லிக்கொண்டே போனார். "அவன் தங்கியிருந்த கூடாரமும் சேர்ந்து எரிஞ்சிடுச்சு. ஒரு சீப்புகூட மிஞ்சல. வெறும் பெட்டியை எப்படி அனுப்பறது? அதனால ஆளுக்கு ஒண்ணு குடுப்போம். காலருக்குள்ள அவங்கவங்க படை நம்பர் இருக்கும். அது தெரியக் கூடாதுன்னு வெட்டிடுவோம். இந்தப் பையன்மேல எல்லாருக்கும் பிரியம். குடுத்துக்கிட்டே இருந்தாங்க, வேணாம்னு யார்கிட்டயும் சொல்ல முடியல. அதான் எடை கூடிப்போச்சு."

"உங்க பிரிவுல மட்டும்தானா?"

"எல்லா எடத்துலயும் பண்றதுதான் சார். கூடாரமோ வண்டியோ, சாமானோட எரிஞ்சு போனவங்களுக்கு. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கிற வழக்கம்."

தராசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதுகு வலியென்று நினைத்துச் சிப்பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. தலையணைக்கடியில் இருக்கும் சட்டை யாருடையதோ. அவள் இரண்டு வருஷமாக முகர்ந்து பார்ப்பது எவனோ முகம் தெரியாத ஒருத்தனின் வியர்வை. அவன் இப்போது உயிரோடுகூட இருக்கலாம். தன் பிள்ளையின் பொருள் என்று இந்த உலகத்தில் ஒரு நூல்கூட இல்லை என்பது, விற்காத சாமான் மாதிரி உடைந்த பெட்டிகள் கிடக்கிற ஓர் அறையில் அவருக்குத் தெரியவந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. எதிரில் நிற்கிறவரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் இவர்கள் யார் குடியைக் கெடுத்தார்கள்? தங்களிடம் இருந்த ரெண்டு சட்டையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தவர்கள். கோபத்தைக் கொண்டுபோய் இறக்க ஓரிடம் கிடைக்காமல் அவர் நின்றார்.

சுவரிலிருந்த கடிகாரம் பதினொன்றாகப் பத்து நிமிஷம் என்றது.

"அந்தப் பையன் என்ன உயரம்?" என்று கேட்டார்.

"என் தோளுக்கு வருவான். ஒல்லி."

"அப்ப இந்தப் பெரிய சட்டையெல்லாம் எதுக்கு வெச்சீங்க? பெத்தவளுக்குப் பிள்ளை அளவு தெரியாதா? மொதல்ல தோள்பட்டையைத்தான் அளந்து பாப்பாங்க." ஆறு சட்டைகளை எடுத்து ஒதுக்கினார். "சவரக்கத்தி எதுக்கு மூணு? ஒரு மூஞ்சிதானே. ஒண்ணு போதும். புதுசு வேணாம், தேஞ்சதா இருக்கட்டும். இந்த பூட்ஸ் யாரோடது?"

"சமையல்காரரோடது."

"எடுங்க. அந்த உயரத்துக்கு இந்தக் கால் இருக்காது. படிக்கிற பழக்கம் உண்டா அவனுக்கு?"

"இல்ல. சீட்டாடுவான்."

"அப்ப இந்தப் புஸ்தகமும் வேணாம். சீட்டுக்கட்டு யார்கிட்டயாவது இருந்தா வைங்க."

சிப்பாய் தன் பையைத் துழாவி, ரப்பர் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தராசு அதைச் சட்டைகளுக்கு நடுவில் செருகினார். எதை அம்மா முதலில் கையில் எடுப்பாள், எதைத் திருப்பிப் பார்ப்பாள், எதை மோந்து பார்ப்பாள் என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்தது. அவரும் அவர் மனைவியும் ஒரு முழு நாள் தரையில் உட்கார்ந்து செய்ததுதான் அது. அவர்களுடைய பெட்டியிலும் இரண்டு சவரக்கத்திகள் இருந்தன. அதை அன்று அவர்கள் கேள்வியாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இப்போது கை தன்பாட்டுக்கு மடித்து அடுக்கிக்கொண்டிருக்க, அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சிப்பாய் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஒதுக்கியதில் சவரக்கத்திகள் தவிர மற்றதெல்லாம் சாக்குப்பைக்குள் போயிற்று. பெட்டி முப்பது கிலோவுக்கு வந்தது. விமான நிறுவனத்தின் சிவப்பு பிளாஸ்டிக் வாரைக் கொக்கியில் மாட்டி இழுத்து, படிவத்தில் கையெழுத்திட்டு மூடியில் ஒட்டினார். கவுண்டருக்குத் திரும்பி வந்து கட்டணக் கட்டத்தில், பயணியின் சொந்தப் பொருள் என்று பதிவு செய்தார். பொய் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் இருந்ததெல்லாம் உயிரோடு இருக்கிற சிப்பாய்களின் சொந்தப் பொருள்தான்.

பெட்டி நகரும் பட்டையில் ஏறி, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. சிப்பாய் போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"சார், ஒரு சந்தேகம். மீதி அஞ்சு சட்டையிலயும் காலர் வெட்டியிருக்கே. அந்த அம்மா கேட்டா நான் என்ன சொல்றது? இதுவரைக்கும் நானா பெட்டி கொண்டுபோனதில்ல. பொய் சொல்லிப் பழக்கமும் இல்ல. மாட்டிக்குவேன்."

தராசு திரையைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த பயணி பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். அவனைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"கழுத்துல உறுத்துதுன்னு அவனே வெட்டிக்கிட்டான்னு சொல்லுங்க."

"நம்புவாங்களா சார்?"

"நம்புவாங்க" என்றார் தராசு. "எங்க வீட்டுல இன்னும் நம்பிக்கிட்டுத்தான் இருக்காங்க."

சிப்பாய்க்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி கவுண்டரின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். தராசு தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"போங்க தம்பி, கதவை மூடிடுவாங்க."