வேங்கைச்சிக்குக் கால் உண்டா?

வேங்கைச்சியை யாராலும் பிடிக்க முடியாது. முதலையின் வாயை வெறுங்கையால் பிளப்பாள். கொடியில் தொங்கிக்கொண்டே குறி தவறாமல் ஈட்டி எறிவாள். எட்டு வருடமாக, மாதம் ஒரு முறை, முப்பத்திரண்டு பக்கத்தில் காட்டைக் காப்பாற்றி வருகிறாள். ஆனால் இத்தனை வருடத்தில் அவளுடைய கணுக்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. அவளை வரைகிற ஓவியருக்குப் பாதம் வரைய வராது.

மற்றதெல்லாம் வரும். சிறுத்தைத் தோலில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அருவி விழுந்தால் படிக்கிறவர் சட்டையைத் துடைத்துக்கொள்வார். பாதம் என்று வந்தால் மட்டும் கை மக்கர் பண்ணும். சில நாள் இஸ்திரிப் பெட்டி மாதிரி வரும், சில நாள் நனைந்த பன் மாதிரி வரும். ஆகவே அவர் புல் வரைந்தார். முழங்கால் உயரப் புல். அந்தப் புல்லைப் பாராட்டி ஒரு தாவரவியல் பேராசிரியர் கடிதம்கூட எழுதியிருந்தார். புல் முளைக்காத பாறைகளுக்காக ஒரு குட்டிக்குரங்கை ஏற்பாடு செய்தார். வேங்கைச்சி எங்கே நின்றாலும் அது ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொள்ளும். வாசகர்கள் அதை விசுவாசம் என்று நினைத்தார்கள்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய கொழுந்தியாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வரைந்து அனுப்பிய மனைவியின் படத்தைப் பார்த்து, "எங்க அக்காவுக்குக் கால் எங்கே அத்தான்?" என்று அன்றைக்கே கேட்டவள். புடவை நீளம் என்று சமாளித்தார். அவள் மறக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வேங்கைச்சி வரும் படக்கதைப் பத்திரிகைக்கே கதை எழுத வந்து சேர்ந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் அவள் மேஜை, இந்தப் பக்கம் அவர் மேஜை.

"அத்தான், இந்த மாசம் வேங்கைச்சி பாலைவனத்துக்குப் போறா."

"காட்டுப் பொண்ணுக்குப் பாலைவனத்துல என்னம்மா வேலை?"

"புல்லு ஒத்துக்கலையாம். டாக்டர் சொல்லிட்டார்."

ஓவியர் பன்னிரண்டு பக்கத்துக்கு மணற்புயல் வரைந்தார்.

அடுத்த மாதம் வேங்கைச்சி கண்ணாடித் தரை போட்ட ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்டாள். குழாய் வெடித்து முழங்கால் வரை புகை சூழ்ந்தது. அதற்கடுத்த மாதம் எதிரிகள் அவளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். கால் இரண்டும் பக்கத்தின் உச்சியில், தப்ப வழியே இல்லை. படம் வந்தபோது கதையின் தலைப்பு, கொட்டை எழுத்தில், சரியாகக் கால்களின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஓவியரே இல்லை அத்தான், கடத்தல்காரர்" என்றாள் கொழுந்தியாள், மரியாதையோடு.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கடிதம் போட்டுவிட்டாள்.

'ஐயா, என்னிடம் உள்ள அறுபத்தொரு இதழ்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வேங்கைச்சிக்குக் கால் இல்லை. கால் இல்லாதது பேய்தான் என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பேய் என்றால் அவள் ஏன் கஷ்டப்பட்டுக் கொடியில் தொங்குகிறாள், பறந்தே போகலாமே? பதில் தேவை.'

ஆசிரியர் அதை அப்படியே அச்சில் போட்டார். பதிலுக்கு இரண்டு மூட்டைக் கடிதம் வந்து இறங்கியது. ஆசிரியர் ஓவியரைக் கூப்பிட்டார்.

"அடுத்த இதழ், நடுப்பக்கம் ரெண்டையும் சேர்த்து, முழுக்கக் கால். விளம்பரம் போட்டாச்சு."

"சார், ஓரத்துல கொஞ்சம் புல்லு..."

"ஒத்தைப் புல்லு இருக்கக் கூடாது. குரங்கையும் லீவுல அனுப்பிடுங்க. உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, காலண்டர்காரரைக் கூப்பிட்டுக்கறேன். அவர் கால் நல்லாப் போடுவார். பிடிச்சுப் போச்சுன்னா மொத்தமா அவரே பார்த்துக்கட்டும்."

காலண்டர்காரர் வரைந்தால் புலிகூடப் புன்னகைக்கும். வேங்கைச்சி அவர் கையில் சிக்கினால் மறுநாளே உதட்டுச் சாயம் பூசி, கன்னத்தில் விரல் வைத்து நிற்பாள். திரும்பி வரமாட்டாள்.

வீட்டில் மனைவியிடம் பேச்சைத் தொடங்கினார்.

"உன் காலைக் கொஞ்சம் இப்படி நீட்டேன், வரையணும்."

"எட்டு வருஷமா என் மூஞ்சிய வரையக் கேட்கலை. இப்ப காலைக் காட்டணுமாக்கும்?"

"உன் கால்ல விழறேன்."

"தாராளமா விழுங்க. வரையாதீங்க."

தன் காலையே கண்ணாடியில் பார்த்து வரைந்தார். முட்டிக்கு மேலே வேங்கைச்சி, கீழே ஓய்வுபெற்ற தபால்காரர். கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

தெரு முக்கில் இருந்த செருப்புக் கடை வாசலில் அது நின்றிருந்தது. வெள்ளைவெளேரென்று மாவுக்கல்லில் செய்த ஒரு பெண் பாதம். அதில் ஒரு தங்கநிறச் செருப்பு. ஓவியர் பத்து நிமிடம் அதையே பார்த்தார். கடைக்காரர் பள்ளித் தோழர், ஆகவே போலீசைக் கூப்பிடவில்லை.

"என்னடா, செருப்பு வேணுமா?"

"செருப்பு வேண்டாம். கால் வேணும். மூணு நாள்ல தந்துடறேன்."

"எடுத்துட்டுப் போ. ஒண்ணுதான் இருக்கு. வாசல்ல நாங்க ஒத்தைக் கால் செருப்பத்தான் வைப்போம். ஜோடியா வெச்சா எவனாவது மாட்டிக்கிட்டு நடந்துடுவான்."

ஓவியர் காதில் எதுவும் விழவில்லை. பாதத்தைச் செய்தித்தாளில் சுற்றி, விரல்கள் வெளியே தெரிய, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். பக்கத்து இருக்கைப் பெண்மணி எழுந்துபோய் நின்றுகொண்டார்.

மூன்று நாள் வரைந்தார். மாவுக்கல் பாதத்தை இப்படிச் சாய்த்து ஒரு கால், அப்படிச் சாய்த்து இன்னொரு கால். நகம், நரம்பு, குதிகாலில் ஒட்டிய சேறு, சுண்டுவிரலில் ஏறும் ஓர் எறும்பு. வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் காலாக வந்தது. கொழுந்தியாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"என்னம்மா, சரியா இருக்கா?"

"அபாரம் அத்தான். ஒரு கோடு மாத்தாதீங்க. இருங்க, நானே ஆசிரியர்கிட்ட கொண்டு போறேன்."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பாவம், இத்தனை நாள் வாயாடினாலும் உள்ளுக்குள் பாசம் என்று ஓவியர் மூக்கை உறிஞ்சினார்.

இதழ் வந்தது. ஆசிரியர் கைகுலுக்கினார். நாலு நாள் கழித்து, வீட்டில் காலைச் சாப்பாட்டின்போது மனைவி நடுப்பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மென்றாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஏங்க ரெண்டும் இடது கால்?"

ஓவியருக்குப் புரை ஏறியது. மேஜைக்குக் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவற்றில் கட்டைவிரல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கமாகத் திரும்பி, வரிசையில் நின்றன.

அலுவலகம் போனபோது ஆசிரியர் முகம் கறுத்திருந்தது. ஒரு கையில் அதே சிறுமியின் புதுக் கடிதம், இன்னொரு கையில் தொலைபேசி. 'கால் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் இடது. பேய்க்குக்கூட இப்படி இருக்காது.'

"காலண்டர்காரர் நம்பர்தான் அடிச்சிட்டிருக்கேன். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

அப்போது கொழுந்தியாள் காகிதக் கட்டோடு உள்ளே வந்தாள்.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்களா சார்? அடுத்த இதழ் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். பரவாயில்லை, கதை தயாரா இருக்கு."

"என்ன கதை?"

"வேங்கைச்சிய ஏன் யாராலயும் பிடிக்க முடியலை? வேட்டைக்காரங்க தடம் பார்ப்பாங்க. இடது, இடது, இடது, இடது. ஒத்தைக்கால் பொம்பளைங்க ரெண்டு பேர் நொண்டிக்கிட்டே போறாங்கன்னு முடிவு பண்ணி, அவங்களைத் தேடிக் காடு முழுக்க அலைவாங்க. இவ மரத்து மேல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பா. எதிரிக்கு இது தெரியக் கூடாதுன்னுதான் அத்தான் எட்டு வருஷமா புல்லுல மறைச்சார். இல்லையா அத்தான்?"

ஆசிரியர் தொலைபேசியை மெல்ல வைத்தார்.

"எட்டு வருஷத் திட்டமா?"

"ஆமா சார்" என்றார் ஓவியர், பார்வையைத் தாழ்த்தி. அடக்கம் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஓவியர் காகிதக் கட்டை வாங்கிப் பார்த்தார். மூலையில் தேதி போட்டிருந்தது. அவள் கண்கலங்கிய அதே தேதி.

"அன்னிக்கே பார்த்துட்டியா?"

"பார்த்தேனே."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வலது கால் போட்டிருப்பீங்க. எனக்கு யாரு கதை தருவா?"

முதல் பக்கத்தில் எட்டுக் கட்டம், எட்டிலும் கால்தடம். இரண்டாம் பக்கத்தில் பாறை ஏறும் கால். மூன்றில் வழுக்கும் கால். ஓவியருக்குத் தலை சுற்றியது.

"மொத்தம் நூத்திப் பன்னிரண்டு கால் அத்தான். எண்ணிட்டேன். எல்லாமே இடது. அந்த மாவுக்கல்லைத் திருப்பிக் குடுத்துடாதீங்க."

"வேட்டைக்காரங்க?"

"எட்டுப் பேர். அவங்க சாதாரண மனுஷங்க, ஆளுக்கொரு வலது காலும் வேணும். வெறுங்கால். புல்லு கில்லு போடலாம்னு பார்க்காதீங்க, எல்லாரும் மரக்கிளையில நிக்கறாங்க."

ஓவியர் தன் மேஜைக்குப் போனார். பேனாவை மையில் தோய்த்தார். லீவில் போன குட்டிக்குரங்கை வேலைக்குத் திரும்ப அழைத்து, அதன் சொந்தக்காரர்கள் ஏழு பேரையும் கூடவே வரச்சொன்னார்.