சத்யநாராயணனின் அனுமதி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து அபிதகுஜாம்பாளின் வீட்டுக் கதவு அவருக்கு மட்டும் திறக்கவில்லை. பால்காரருக்குத் திறந்தது, பக்கத்து வீட்டு நஃபீசாவுக்குத் திறந்தது, சிலிண்டர் போட வந்தவருக்குக்கூடத் திறந்தது. யாராவது திறந்து பிடித்துக்கொண்டாலும், அபிதகுஜாம்பாள் செருப்பைக் கழற்றுவதற்குள் தானாகச் சாத்திக்கொண்டது. கோலம் போட வெளியே வந்தவர் வெளியிலேயே நின்றார்.

காரணம் நலச்சங்க அலுவலகத்தில் இருந்தது. செம்பாக்கம் லட்சுமிபதி நகரின் எல்லா வீடுகளும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரே டேட்டாபேஸில் இருந்தன. செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் அந்தக் கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு என்பதால் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். திறந்திருந்த டேட்டாபேஸை மூடவேண்டும் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அது பாதி எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அபிதகுஜாம்பாளின் வீட்டுப் பதிவைத் தொட்டால், திறக்க அனுமதி இல்லை என்றது. கதவும் அதையே கடைப்பிடித்தது. நகரில் யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. சங்கத்தில் பெயர் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் லாரியே வராத இடம் அது.

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முதாசிர் வந்து ரிப்பேர் செய்துபார்த்தார். டேட்டாபேஸ் இன்னும் சுருங்கியது; மூன்றாவது தெருவில் இரண்டு மாடி வீடுகள் ஒரு மாடியாயின. பதிவுகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றப் பார்த்தார். உரிமையாளர் பாஸ்வேர்டைக் கொடு என்றது.

“இன்னா சார், ஒரே பேஜாரா கீது. இதுக்கு ஓனர் யாரு?”

“சத்யநாராயணன்னு எங்க பொருளாளர். போன வருஷம் மாசியில தவறிட்டார். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லலை” என்றார் செயலாளர்.

“கட்டின பொண்டாட்டி, எனக்கே சொல்லலை” என்றார் வாசலில் நின்ற அபிதகுஜாம்பாள். “டிவி ரிமோட்டையே ஒளிச்சு வெச்ச மனுஷன்.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அபிதகுஜாம்பாள் நஃபீசா வீட்டில் தங்கினார். நஃபீசா உள்ளே போய்ப் புடவைகளை எடுத்துவந்தார், துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். கணவர் இறந்தபோது அழுததைவிட அந்த நாட்களில்தான் அபிதகுஜாம்பாள் அதிகம் அழுதார். கணவருடைய சட்டைகளும் சாய்வு நாற்காலியும் அந்த வீட்டுக்குள் இருந்தன; ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், தொட முடியாது. முதாசிர் வாரந்தோறும் வந்து, எதையாவது தட்டி, தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

கார்த்திகையில் அபிதகுஜாம்பாளின் பீரோவைத் துழாவிய நஃபீசாவின் கையில் ஒரு பென்டிரைவ் சிக்கியது. அதில், சத்யநாராயணன் இறப்பதற்கு முந்தைய பொங்கலன்று எடுத்த டேட்டாபேஸ் நகல் இருந்தது. முதாசிர் கெட்டுப்போனதைத் தூக்கிவிட்டு நகலை வைத்தார். அது முரண்டு பிடிக்காமல் திறந்தது.

அபிதகுஜாம்பாள் தன் வீட்டு வாசலுக்கு ஓடினார். கதவை உள்ளேயிருந்து சத்யநாராயணன் திறந்தார். பனியனும் வேட்டியுமாக, கையில் பேப்பரோடு இருந்தார்.

“எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு வாய் காபிக்கு வழியில்ல.”

“நகருங்கோ, கால் வலிக்கறது” என்று அபிதகுஜாம்பாள் உள்ளே போனார்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு குடிவந்த பிரிட்டோ குடும்பம் உள்ளிட்ட சிலர் தெருவில் நின்றார்கள். செயலாளர் அவர்களைத் திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது சத்யநாராயணனின் இறந்த தேதி மட்டும். அதை ஏற்றாமல் விடுவது முறையில்லை என்று செயலாளர் குடையோடு அபிதகுஜாம்பாளிடம் வந்து, ஏற்றட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“சார், காலைலேர்ந்து இவரோட என்னால முடியலை. மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடறார், எதுக்கெடுத்தாலும் கத்தறார்” என்றார் அபிதகுஜாம்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா அதை மட்டும் ஏத்தாதீங்கோ. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

செயலாளர் ஏற்றவில்லை. சத்யநாராயணன் இப்போது தினமும் காலையில் நடைக்குப் போகிறார். எதிரே செயலாளர் வந்தால் வணக்கம் சொல்கிறார், செயலாளரும் சொல்கிறார்.