நெத்திலி வந்தால் புகை

என் மாமனார் ஞானதுரை சபைக் கமிட்டியில் இருக்கிறவர். கல்யாண வீட்டில் யாராவது குடித்துவிட்டுப் பந்திக்கு வந்தால், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அப்பேர்ப்பட்டவர் இந்த டிசம்பர் முழுக்க எங்கள் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகனும் மருமகனும் ஸ்காட்ச் விஸ்கி குடிப்பதை வேடிக்கை பார்த்தார். ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது ஜெஸ்வின் அண்ணன், என் நாத்தனார் ஜெனியின் புருஷன். ஸ்காட்லாந்துப் பக்கம் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் முடிந்து, வேறு வேலை கிடைக்காமல் இங்கே வந்துவிட்டார். பெட்டியில் சின்னச் சின்னதாக இருபத்துநாலு கதவு. கிறிஸ்மஸ் வரைக்கும் நாளுக்கு ஒரு கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு குட்டி பாட்டில், மெழுகு வைத்து அடைத்தது. பெயர் கிடையாது, நம்பர் மட்டும். குடித்துப் பார்த்து இன்ன வகை என்று சொன்ன பிறகு, பாட்டில் அடியிலிருக்கும் சதுரக் கட்டத்தை போனில் காட்டினால் பெயரும் குணமும் வரும். எல்லாம் சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் பார்லியில் காய்ச்சினது, ஒன்றைப் போல ஒன்று இருக்காதாம்.

ஜெஸ்வின் அண்ணன் எங்களுக்காக அத்தனை வகையையும் மூன்றாகச் சுருக்கிவிட்டார். சில ஊரில் மக்கின கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்களாம், அது புகை. சிலது ஒயின் இருந்த பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும், அது பழம். மீதி தேன்.

இதைக் கேட்டதும் என் மாமனாருக்குக் குஷி கிளம்பிவிட்டது. "இது குடிக்கதில்ல மாப்ள, மோந்து பாக்கது. எங்க சாலமன் மூக்குக்கு முன்னால எவனும் நிக்க முடியாது, பாக்கேரா?" என்றார். சாலமன் என் வீட்டுக்காரர், நான் ரெஜினா.

மாமனார் சும்மா பெருமையடிக்கிற ஆளில்லை. எங்களுக்கு வண்ணாரப்பேட்டையில் மசாலா மொத்த வியாபாரம். மல்லி, மிளகாய், பெருங்காயம். மூட்டையில் குத்தூசி விட்டு உருவி, அதில் வந்ததை மோந்து பார்த்துத்தான் சரக்கை எடுப்போம். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்றே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மாமனாருக்கு அதைச் சொல்லாமல் ஒருநாள் பொழுது போகாது. அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குடோனுக்குப் போக முடியவில்லை. கிறிஸ்மஸ் சாப்பாட்டில் சரக்குப் பொறுப்பை யார் கையில் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவதாக அறிவித்திருந்தார். ஜெஸ்வின் அண்ணனும் அந்தப் பொறுப்பைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, மாமனார் வீட்டில் எத்தனை மாதம் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவார்?

ஒரே ஒரு சங்கடம். என் வீட்டுக்காரருக்கு மூக்கு கிடையாது. கொரோனாவோடு போனது போனதுதான். வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், வரவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி மூக்குக்குக் கீழே காட்டினாலும் அவருக்கு அது வெறும் சூடு. இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்போ இத்தனை நாளாக சரக்கை யார் பார்த்தது என்கிறீர்களா? நான்தான். சரக்கு இறங்குகிற நேரம் பார்த்து அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை குடோனுக்குப் போய்விடுவேன். மூட்டைப் பக்கம் நிற்பேன். முந்தானை மூக்குக்குப் போனால் வேண்டாம், கழுத்துச் சங்கிலியைத் தொட்டால் எடுக்கலாம். அவர் அந்த மல்லியை மூக்கு வரைக்கும் கொண்டுபோய் இழுத்து மோந்து, கண்ணை மூடி, யோசித்து, தலையாட்டுவார். நடிப்பைப் பார்த்தால் எனக்கே நம்பத் தோன்றும். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பி நாற்றம் அடித்தால் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நான் மூக்கைப் பொத்துவேன், அவரும் பொத்திக்கொண்டு திட்டுவார். இப்படியே ஓடியது. எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பூஞ்சை மூட்டையைத் திருப்பி அனுப்பியது நான், ராத்திரி சாப்பாட்டில் பாராட்டு அவருக்கு. ஆனாலும் குடோனில் அந்த மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிற நேரம்தான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். ராயபுரத்தில் எங்கப்பா மளிகைக்கடையில் வளர்ந்தவள் நான். விஷயம் வெளியே வந்தால் அவர் மானமும் போகும், எனக்கு அந்த இடமும் போகும்.

அதனால் விஸ்கிக்கும் ஒரு வழி செய்தோம். குருட்டாட்டம் என்பதால் பாட்டிலை ஆண்கள் பார்க்கக் கூடாது. கீழே சமையலறையில் ஜெனி திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றுவாள். நான் பக்கத்தில் கடிப்பதற்கு எதையாவது வறுத்துக்கொண்டிருப்பேன். மெழுகை உடைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். மாடிக்குத் தட்டு போகும். நெத்திலி வறுவல் வந்தால் புகை. மிக்சர் வந்தால் பழம். முந்திரி வந்தால் தேன்.

முதல் வாரம் ஜாலியாகத்தான் போனது. என் வீட்டுக்காரர் ஒன்றும் விடாமல் சரியாகச் சொன்னார். விஸ்கியோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்திய ஜெஸ்வின் அண்ணன் நாலு தடவை தப்பு விட்டார். மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் ஜெனி ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள், ஏன் மைனி தினமும் வேறவேற தட்டு என்று. வீட்டில் எது இருக்கிறதோ அதுதானே என்று சமாளித்தேன். அவள் அதைப் புருஷனிடம் சொல்லியிருப்பாள். வேண்டுமென்று இல்லை, பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாள்.

நாலைந்து நாளில் மணலிக் காற்று திரும்பியது. நான் கீழே அடுப்பில் இருந்தேன். மாடியில் ஜெஸ்வின் அண்ணன் கைக்குட்டையை எடுத்தாராம், மாமனார் துண்டால் மூக்கைப் பொத்தினாராம், என் வீட்டுக்காரர் மட்டும் கிளாஸை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். உங்களுக்கு நாறலையா மச்சான் என்று ஜெஸ்வின் அண்ணன் கேட்க, பழகிப்போச்சு மாப்ள என்று இவர் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது. பேசாம சொல்லிடலாமா என்று கேட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றியதை ஒரு வாரத்துக்குப் பயந்து உடைப்பதா? வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஜெஸ்வின் அண்ணன் கிளாஸைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஒருநாள் இரண்டு தட்டு சேர்த்து வைத்தேன், முதலில் வைப்பதுதான் கணக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்து. அதையும் ஜெஸ்வின் அண்ணன் கவனித்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், கடைசிக் கதவு. ராத்திரி ஆராதனைக்குப் போக வேண்டும் என்று சாயங்காலமே நேரத்தோடு ஆரம்பித்தார்கள். ஜெனி மெழுகை உடைத்தாள். நல்ல தேன், சந்தேகமே இல்லை. முந்திரியைத் தட்டில் கொட்டினேன். அந்த நேரம் ஜெஸ்வின் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். கடைசி நாள், இன்னைக்கு நானே எடுத்துட்டுப் போறேன் என்று கிளாஸ் இரண்டையும், காலி பாட்டிலையும், என் கையிலிருந்த தட்டையும் வாங்கிக்கொண்டார். முந்திரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மாமனாருக்குச் சுக்குக் காப்பி கலக்கி எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஏறினேன். மாடிக் கதவை எட்டும்போதே தெரிந்துவிட்டது. டயர் எரிகிற மாதிரி, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி, அப்படி ஒரு புகை. என் வீட்டுக்காரர் கையில் இருந்த கிளாஸிலிருந்துதான் வந்தது. முன்னால் ஏதோ ஒரு நாள் புகையில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததைப் படிக்கட்டில் வைத்து மாற்றியிருக்கிறார் ஜெஸ்வின் அண்ணன். என் வீட்டுக்காரர் முன்னால் தட்டில் முந்திரி.

எப்படியாவது அவர் கண்ணில் பட்டால் போதும் என்று பார்த்தேன். ஜெஸ்வின் அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை, நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைத் தொட்டால்கூட மாட்டிக்கொள்வேன். காப்பி டம்ளர் கையில் சுட்டுக்கொண்டிருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் முந்திரியைப் பார்த்தார். கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடி, வழக்கம்போல் நிதானமாக இழுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"தேன்," என்றார்.

மாமனார் தொடையைத் தட்டவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, "ஏல, நல்லாப் பாரு. இங்க இருக்க எனக்கே கமறுது," என்றார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அந்த இடத்தில் அவர் தப்பித்திருக்கலாம். புகைதான்ப்பா, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் மாமனார் நம்பியிருப்பார். மகன் விஷயத்தில் அவர் எதையும் நம்புவார். நான் மனசுக்குள் கெஞ்சினேன், சொல்லித் தொலையுங்களேன் என்று.

என் வீட்டுக்காரர் கிளாஸைத் தரையில் வைத்தார்.

"ரெஜினா தேன்னு சொல்லி அனுப்பியிருக்காப்பா. அப்போ பாட்டில்ல இருந்தது தேன்தான். கிளாஸ்ல வேற இருந்தா, வழியில யாரோ மாத்தியிருக்காங்க."

ஜெஸ்வின் அண்ணன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து போனில் காட்டி, அதை மாமனாரிடம் நீட்டினார். தேன்தான். நான்தான் மாத்தினேன் மாமா, மூக்கு இருக்கிறவன் புகைன்னு சொல்லியிருப்பான், தட்டைப் பார்த்துச் சொல்றவன்தான் தேன்னு சொல்லுவான் என்றார். ஜெயித்த குரலாக இல்லை.

மாமனார் போனைப் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து என்று மகனிடம் கேட்டார். கொரோனாவிலிருந்து என்றார் இவர். அப்போ குடோனில் பார்த்ததெல்லாம் யார் என்றார். இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஏன்ல எங்கிட்ட மறைச்ச?"

"நாலு பேருகிட்ட நீங்க என்னப் பத்திச் சொல்றது என் மூக்கு ஒண்ணுதானப்பா. அதுவும் இல்லன்னா நான் உங்களுக்கு யாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. நான் என்னமோ என் பாராட்டு அவருக்குப் போகிறதே என்று புழுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமனார் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கன்டெய்னர் லாரிகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நகராமல் நின்றன. அப்புறம் குனிந்து அந்த கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு. இதுல என்ன இருக்கு?"

அந்த வீட்டில் சத்தமாக அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாங்கி மோந்து பார்த்தேன்.

"மேல புகை மாமா. அடியில கொஞ்சம் தேன் கீது. அத்த கொட்டிட்டு, கழுவாம அப்பிடியே இத்த ஊத்திகிறாரு அண்ணன்."

ஜெஸ்வின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் அவரைப் பார்த்த பார்வையே போதும், அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்தார். மகனைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குச் சாப்பாட்டுல சொல்லுகத இப்பவே சொல்லிப்போடுதேன். சரக்கு இனிமே ரெஜினா பாக்கட்டும். சாலமன் கடையில இருந்து பில்லு போட்டாப் போதும். குடோன் பக்கம் வர வேண்டாம்."

மல்லி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எத்தனை நாள் இதற்கு ஏங்கியிருப்பேன். காதில் விழுந்ததும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அடி வாங்கின பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமெல்லாம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது. மூக்கு மட்டும்தான் என்னுடையது. விலை பேசுவது, ஏமாற்ற வருகிறவனின் முழியைப் பார்த்தே கண்டுபிடிப்பது, ஈரமா காய்ந்ததா என்று கையில் தேய்த்துச் சொல்வது, எல்லாம் அவர்தான். அதில் எதற்காவது மாமனார் ஒருநாள் தொடையைத் தட்டியிருப்பாரா?

"அவரு வரக் கூடாதுன்னா நானும் வர்ல மாமா," என்றேன். "என் மூக்கு இன்னா உங்க கடைக்கா வாக்கப்பட்டுச்சு? அவருக்குத்தான வாக்கப்பட்டு வந்துகீது."

மாமனார் திரும்பினார். கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த ஆறிப்போன சுக்குக் காப்பியை வாங்கி, நின்றபடியே குடித்தார். டம்ளரை நீட்டிக்கொண்டே, இந்தத் தடவை மகனைப் பார்த்துத்தான் பேசினார்.

"வெள்ளிக்கெழம மல்லி எறங்குது. ரெண்டு பேரும் வெள்ளன போய்ச் சேருங்க."

அவர் படியிறங்க, ஜெஸ்வின் அண்ணனும் பின்னால் போனார். நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் என் கையிலிருந்த அந்த கிளாஸை வாங்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டார்.

"எப்டி கீது?" என்றேன்.

"எரியுது," என்றார்.